முறை வராத வரி

இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஓர் அச்சு வரி. பல ஆண்டுகளாகவே எனக்கு இதில் ஐயம் உண்டு.

ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய ஒரு கணினி நிரல் ஓடும்போதே செத்து விழுந்தது. எங்கே சாகிறது என்று அறிய, அதன் துணைநிரல் ஒன்றின் முதல் வரியாக இந்த அச்சு வரியை நிரல் எழுதியவர்கள் நிறுத்திவைத்தார்கள். திரையில் "உள்ளே வந்தாச்சு" என்று கத்துவதுதான் வேலை. நிரலை மறுபடி ஓடவிட்டார்கள். அச்சு வரி தன் முறைக்காகக் காத்திருந்தது.

கணினி நினைவகத்தில் அந்தத் துணைநிரலுக்கென்று ஸ்டாக் என்னும் சின்ன அறை. அதன் வாசலில் எண்கள் நிறைந்த பெரிய அணி ஒன்று வந்து நின்றது.

"தள்ளுடா தம்பி."

"இடமில்லைண்ணே. கொஞ்சம் மிஞ்சினாலும் கணினி நம்ம எல்லாரையும் கொன்னுடும். பக்கத்துல இதே நினைவகத்துல ஹீப்னு ஒரு மைதானமே காலியா கிடக்கு, அங்க போங்களேன்" என்று ஸ்டாக் கெஞ்சியது.

"போன வாரம் மட்டும் இடம் இருந்துச்சோ?"

"அப்ப நீங்க ஒல்லியா இருந்தீங்கண்ணே!"

அச்சு வரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. கத்திவிடலாமா? ஆனால் அணிகள் உள்ளே உட்கார்ந்த பிறகுதான் முதல் வரிக்கே முறை; அது இன்னும் வரவில்லையே.

அணி காலை உள்ளே வைத்தது. அந்தக் கணமே நிரல் செத்தது. திரையில் ஒரு சொல்லும் இல்லை.

"என் முறை வரவே இல்லை" என்று அச்சு வரி இன்றும் சாதிக்கிறது. கடைசியில் கேட்டே விட்டேன்:

"உன் முறை வரும்வரை எல்லாரும் உயிரோடு இருப்பார்கள் என்று உனக்கு யார் சொன்னது?"