இர்மெலியின் மூக்கு

பைக்குள் முகத்தை நுழைத்து, கண்ணை மூடி, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள் இர்மெலி. தீவன ஆய்வுக்கூடத்தில், பச்சைப் புல்லைக் காற்றுப் புகாமல் புளிக்க வைத்த சைலேஜ் எது வந்தாலும் முப்பது வருஷமாக அவள் செய்யும் முதல் சோதனை அதுதான்.

"என்னம்மா சொல்லுது?" என்றார் பண்ணைக்காரர் தைஸ்தோ. ஒண்டிக்கட்டை, மாடுகளைத் தவிர அவருக்கு வேறு யாரும் கிடையாது. கம்பளித் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

அவள் மூக்குக்கு ஒரு வாசனையும் எட்டவில்லை. புளித்த புல்லை முகர்ந்தே "ஒரு நாள் முந்தி அறுத்திருக்கணும்" என்று சொன்ன அந்த மூக்கு, போன இலையுதிர் காலத்துக் காய்ச்சலோடு செத்துப்போயிருந்தது. வேலை போய்விடுமே என்ற பயத்தில் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"காலையிலதான் இந்தப் புல் உருளையைப் பிரிச்சேன். மேலே சுத்தின பிளாஸ்டிக்கைக் காக்கா கொத்தி வெச்சிருக்கு. காத்து உள்ளே போயிருந்தா கெட்டிருக்கும். போன மாசம் இப்படி ஒண்ணைத் தின்னுதான் ரெண்டு மாட்டுக்குச் சினை கலைஞ்சுது. இன்னும் பதினெட்டு சினையா நிக்குது."

"கிருமிச் சோதனை முடிவு திங்கட்கிழமைதான் வரும், தைஸ்தோ."

"அதுவரைக்கும் பட்டினி போட முடியுமா? வேற தீவனமும் கையில இல்ல. சோதனையை விடுங்கம்மா. உங்க மூக்கு சொன்னா எனக்குப் போதும்."

அடுத்த மேசை மிர்வா எழுந்தாள். வெளியே மைனஸ் இருபது டிகிரி குளிர். அதைப் பார்க்காமல் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டாள். தொழுவ வாடை அடிக்கும் சட்டையைக் கண்டாலே இவளுக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டாள் இர்மெலி.

அவளிடம் ஒரு குறுக்கு வழி இருந்தது. நாலு மாதமாக அதுதான் அவள் மானத்தைக் காப்பாற்றி வந்தது.

"நீங்களும் ஒருதடவை முகர்ந்து பாருங்க" என்று பையை அவர் முகத்தருகே நீட்டினாள். கெட்டுப்போன சைலேஜ் என்றால் எவ்வளவு பழகிய பண்ணைக்காரரும் முகத்தைச் சுளிக்காமல் இருக்க முடியாது. அந்த நாற்றம் அப்படி.

தைஸ்தோ குனிந்து நன்றாக இழுத்து முகர்ந்தார். புருவம்கூட அசையவில்லை.

அப்பாடா என்றிருந்தது இர்மெலிக்கு. இந்த நல்ல மனுஷனையும் ஏமாற்றுகிறோமே என்று உறுத்தவும் செய்தது. "நல்லா இருக்கு. தாராளமாப் போடுங்க" என்றாள்.

தைஸ்தோவுக்குக் கண் கலங்கிவிட்டது. போனை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். "தொழுவத்துத் தீவன மெஷின்ல இதைக் காலையிலயே ஏத்தி வெச்சுட்டேன். உங்க வார்த்தைக்காகத்தான் ஓட விடாம நிறுத்தியிருந்தேன். இப்ப போன்லயே ஓட விட்டாச்சு. பாவம், ராத்திரியிலேருந்து வெறும் வயிறு. இந்நேரம் முட்டி மோதித் தின்னுட்டிருக்கும்."

மனசு லேசாகி, அவரைச் சீண்டிப் பார்க்கத் தோன்றியது இர்மெலிக்கு. "நாப்பது வருஷமா மாடு வெச்சிருக்கீங்க. இதை உங்க மூக்கே சொல்லியிருக்குமே. இந்தப் பனியில எழுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டு வரணுமா?"

தைஸ்தோ கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. எனக்கு வாசனை தெரியாமப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு."