காலை ஆறு மணி டக் டக்

என் கம்ப்யூட்டர் மேஜையைப் பார்த்தால் ஏதோ ராக்கெட் விடுகிறவன் என்று நினைப்பீர்கள். இரண்டு மானிட்டர், ஏற்றி இறக்குகிற மேஜை, கலர் கலராய் விளக்கெரியும் கீபோர்டு, வெளிச்சத்தம் துளிகூட நுழையாத ஹெட்போன். உட்கார்ந்து செய்வதென்னவோ எக்ஸெல் ஷீட்தான்.

டைப்பிங் வேகம்? நிமிஷத்துக்கு முப்பத்தொரு வார்த்தை. அறுபதைத் தொடாமல் விடுவதில்லை என்று தினமும் காலை ஆறு மணிக்கு ஹெட்போனில் பாட்டைப் போட்டுக்கொண்டு பயிற்சி.

அன்று பயிற்சியை முடித்து போனை எடுத்தால், எங்கள் ஜனக்புரி பில்டிங் வாட்ஸ்அப் குரூப்பில் செக்ரட்டரி சுஷ்மாஜி கொதித்துக்கொண்டிருந்தார்.

"தினமும் ஆறு மணிக்கு டக் டக்கென்று சத்தம். கீழ் வீட்டுக் குழந்தை எழுந்து அழுகிறது. யார் அது?"

எனக்கா தெரியாது? மேல் வீட்டு உஷாராணி! வெள்ளிக்கிழமை கிளார்க் வேலைக்கு டைப்பிங் டெஸ்ட், இதை விட்டால் வயசு தாண்டிவிடும் என்று படிக்கட்டில் புலம்பியிருந்தாள்.

'மேல் மாடியில் டைப்பிங் பயிற்சி நடக்கிறது. கொஞ்சம் சிவிக் சென்ஸ் வேண்டும்' என்று போட்டேன். அதற்கே நாலு தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது.

உடனே உஷாராணியிடமிருந்து பதில்: "சாரி ஆன்ட்டி."

மறுநாளும் புகார். மறுநாளும் சாரி. புதன்கிழமை சுஷ்மாஜி, "இன்னொரு நாள் கேட்டால் உன் வீட்டு ஓனருக்கே போன் பண்ணுவேன்" என்று எழுதினார். நான் கட்டை விரலை உயர்த்திய பொம்மை ஒன்றை அதற்குக் கீழே போட்டேன். நியாயஸ்தன் இல்லையா!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. உஷாராணி. கையில் லட்டு டப்பா, கக்கத்தில் மடித்த டவல்.

"டெஸ்ட் பிரமாதமா பண்ணிட்டேன், மௌலி அண்ணா!"

பெரிய மனசு பண்ணி ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். "சந்தோஷம்மா. அந்த சத்தம் மட்டும் இல்லாம இருந்தா..."

"என் லேப்டாப்புல சத்தமே வராதுண்ணா."

"அப்போ அந்த டக் டக்?"

"உங்க கீபோர்டுதான். ரெண்டு நாள் வந்து பெல் அடிச்சேன். ஹெட்போன் போட்டிருந்தீங்க போல, கேக்கலை."

மேஜை மேலிருந்த ஹெட்போனைத் திரும்பிப் பார்த்தேன். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

"பின்னே குரூப்ல ஏன் சாரி சொன்னே? டெஸ்ட் நேரத்துல ஓனர் காலி பண்ணச் சொல்லியிருந்தா?"

"அரே, விடுங்கண்ணா. என்னைவிட நீங்கதான் பாவம். நீங்க அடிக்கிறதைவிட அழிக்கிற சத்தம்தான் மேல ஜாஸ்தி கேக்கும், ஒரே கீயை டக் டக் டக்னு. படிக்கிற நேரத்துல எல்லாரும் சேர்ந்து உங்களைத் திட்டினா மனசு விட்டுப் போயிடுமே!"

டவலை என் கையில் கொடுத்தாள்.

"கீபோர்டுக்கு அடியில போட்டுக்கோங்க, சத்தம் கீழே போகாது. அது சரிண்ணா, உங்களுக்கு டெஸ்ட் என்னிக்கு?"