தேன் மாதிரி

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டு மைக்குகள் இருந்தன. பழைய மைக்கில் குரல் தேன் மாதிரி விழுகிறது என்பார்கள். அதைக் கேட்டால் பழையதற்கு உச்சி குளிரும். புதியதை வறட்டு மைக் என்பார்கள். உள்ளதை உள்ளபடி கொடுத்ததுதான் அதன் குற்றம்.

ஒருநாள் பாடகி ஞானசுந்தரி வந்தாள். பதிவாளர் எட்வின் இரண்டையும் அவள் முன்னால் நிறுத்திப் பாடவைத்தார். பாடி முடித்ததும் புதியது மெல்லக் கேட்டது:

"அண்ணே, அந்தம்மா நெஞ்சுக்குள்ள ஏதோ கரகரங்குது. மூச்சும் பாதியிலயே அறுந்து போகுது. உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுது தம்பி. பூசி மெழுகி விட்டுட்டேன். அதுக்குத்தானே என்னைக் கொண்டாடுறாங்க!"

எட்வின் இரண்டு பதிவையும் போட்டுக் கேட்டார். காதைக் குத்துகிறது என்று புதியதன் பதிவை அழித்தார். பழையதன் பதிவைக் கேட்டு, "உங்க குரலுக்கு வயசே ஆகலம்மா," என்றார். மறுநாள் டாக்டரைப் பார்க்க இருந்த ஞானசுந்தரி, இனி எதற்கு என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மூன்று மாதம் கழித்து, அவள் காரியம் முடிந்த கையோடு மகள் மட்டும் வந்தாள். அம்மாவின் கடைசிப் பாட்டைக் கண்ணை மூடிக் கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா இதுல எங்கம்மா இல்லையே. கடைசி மாசங்கள்ல இழுத்து இழுத்து மூச்சு வாங்குவாங்க. அந்தச் சத்தம் வேற எதுலயாவது இருக்கா?"

"இருந்துச்சும்மா. நான்தான் அழிச்சிட்டேன்," என்றார் எட்வின்.

"தம்பி," என்றது பழைய மைக், "உனக்கு அந்த மூச்சு ஞாபகம் இருக்கா?"

"இருக்குண்ணே. ஆனா நாம பேசுறது அந்தப் பொண்ணுக்குக் கேக்காதே."