முதலிடம்

"எங்க ஊரை மட்டும் விட்டுடுங்கம்மா. முதல்ல வேற எந்த ஊரை வேணாலும் போடுங்க."

மளிகைக்கடைக்காரர் மறுபடியும் அதையே சொன்னார். தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பிய பையனின் அப்பாவைப் போல நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தார். முதல் பஸ் பிடித்து வந்ததில் சட்டை முதுகெல்லாம் கசங்கியிருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் பத்திரிகையின் துணையாசிரியை. 'வாழவும் சாப்பிடவும் ஏற்ற ஊர்கள்' என்று வருடா வருடம் வரும் சிறப்பிதழ் அவள் பொறுப்பு. மூன்று வருடமாக, வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவருடைய ஊருக்குத்தான் முதலிடம்.

"எல்லாரும் முதலிடம் வேணும்னுதான் என் உயிரை வாங்குவாங்க" என்றாள்.

"நாங்க மட்டும் என்ன! முதல் வருஷம் உங்க பத்திரிகையை ஃப்ரேம் போட்டுக் கடையில மாட்டினவனே நான்தான். இப்ப பாருங்க, சனிக்கிழமை ஆனா தெருவுல நடக்க முடியல, அவ்வளவு காரு. மீனெல்லாம் லாட்ஜுக்குப் போயிடுது. மார்க்கெட்ல எங்களுக்கு வாசனைதான் மிச்சம். எங்க ஊர் ரொட்டிக்கு நாங்களே வரிசையில நிக்கிறோம். முன்னாடி நிக்கிறவன் ரொட்டியை நிக்க வச்சு, படுக்க வச்சு, போட்டோ எடுத்து முடிக்கணும்."

அவள் அனுதாபத்தோடு தலையாட்டினாள்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து குடியிருக்கிற வீடும்மா. வீட்டுக்காரன் அதையும் லாட்ஜாக்கப் போறானாம். இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிட்டான். அந்த ஊர்ல இனிமே எனக்கு வாடகைக்கு ஒரு மாட்டுக்கொட்டாய்கூடக் கிடைக்காது."

ஒவ்வொரு குறையும் அவளுக்கு வயிறு குளிர இறங்கியது.

அந்த ஊரைப் பற்றி அவள் ஒரு பொய்கூட எழுதியதில்லை. காற்று, தண்ணீர், ரொட்டி சுடும் வாசனை, சாயங்கால வெயில் விழும் சந்துகள் என்று நகை செய்பவரைப் போலப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினாள். புகழ்ந்தே ஒரு ஊரைக் காலி செய்துவிடலாம் என்பது அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

"சரிங்க ஐயா. உங்களுக்காகச் செய்றேன். பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊரை முதல்ல போட்டுடலாம். அங்க சாப்பாடு எப்படின்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

பேனாவைத் திறந்து காத்திருந்தாள்.

மனிதர் ஆரம்பித்தார். "அங்கயும்... பரவாயில்ல. நல்லாத்தான்..."

அதற்கு மேல் வரவில்லை. கசப்பு மாத்திரையை நாக்கில் வைத்தது போல முகம் கோணியது.

"அந்த ஊரா? அவனுங்களுக்கு உப்பு எவ்வளவு போடணும்னே தெரியாதும்மா! விருந்துன்னா எங்க ஊர் ஆளைக் கூட்டிட்டுப் போய்த்தான் அடுப்பே பத்த வைப்பானுங்க. எங்க ஊர்த் தண்ணி இருக்கே, சும்மா வெந்நீர் வச்சாலே ருசிக்கும்."

நுனியில் இருந்தவர் நாற்காலி நிறைய உட்கார்ந்துவிட்டார். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் என்ன சுடச்சுடக் கிடைக்கும், எந்த வீட்டு மாடியில் எப்படித் தூக்கம் வரும் என்று கொட்டினார். அவள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். அடுத்த சிறப்பிதழுக்கு அரைப் பக்கம் தேறும்.

பேனா ஓடுவதைப் பார்த்த பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயையோ, இதை எழுதிடாதீங்க."

"அப்ப உங்க ஊர்ல ஒரு குறை சொல்லுங்க. அதை எழுதறேன். ஒருத்தரும் வர மாட்டாங்க."

வெகுநேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"குறைன்னா... இந்த வெளியூர்க்காரங்கதான். முன்னெல்லாம் நாங்க ஒட்ட விட மாட்டோம்." அவர் முகம் தெளிந்தது. "எங்க வீட்டுக்கு நேர் எதிர்ல ஒருத்தி சாப்பாட்டுக் கடை போட்டா. எந்த ஊரோ, என்னவோ. புருஷன் கிடையாது, கூட ஒரு சின்னப் பொண்ணு. எங்க ஊர்லயே வந்து எங்களுக்கே சோறு போடறதா? நான்தான் வீடு வீடாப் போய்ச் சொன்னேன். ஒரு ஆள் படியேறலையே! ரெண்டே மாசம். மூட்டையைக் கட்டிட்டா."

"சமையல் எப்படி இருந்தது?"

"யாருக்குத் தெரியும்? ஒருத்தன் சாப்பிட்டிருந்தாத்தானே!"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

சாப்பிட்டவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். காலையில் வடித்து, மாலைவரை மூடி வைத்து, வாசலைப் பார்த்துப் பார்த்து ஆறிப்போன அந்தச் சோற்றை, வீணாகக் கூடாதென்று இரண்டு பேர் இரண்டு மாதமும் தின்று தீர்த்தார்கள். அதில் ஒருத்தி அவருக்கு எதிரே உட்கார்ந்து பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"யோசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவுவரை போனவருக்கு மனசு கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பினார்.

"எங்க ஊரைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்கீங்க, எங்க வீட்ல ஒரு வேளை சாப்பிட்டதில்ல. ஊர் மானம் என்னம்மா ஆகறது? மாசக் கடைசிக்குள்ள வந்துடுங்க, அப்புறம் வீடு இருக்காது. என் சம்சாரம் கையால ஒரே ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கம்மா."