தெருவுக்கே உப்பு கூடாது

“தெரு முழுக்க ஒரே நோய், சிட்டிபாபு. ஒரு வீடு பாக்கியில்ல,” என்றார் டாக்டர் ஜெயலக்ஷ்மி, மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமல்.

சிட்டிபாபு காலி பாட்டில்களைத் துடைக்க ஆரம்பித்தான். எந்த வகைச் சிறுநீரக நோய் யாருக்கு அதிகம் வருகிறது என்று ஆராய, மெட்ராஸிலிருந்து காஞ்சிபுரம் வந்திருந்தார் டாக்டர். வீடு வீடாகப் போய்ச் சிறுநீர் வாங்கி வருவது சிட்டிபாபுவின் தற்காலிக வேலை. ஆராய்ச்சி நல்லபடி முடிந்தால் வேலை நிரந்தரமாகும். அதை நம்பித்தான் மாமனார் பெண்ணையே கொடுத்திருந்தார்.

மற்ற தெருக்களில் நோய் அங்கொன்றும் இங்கொன்றுமாக, விதவிதமாக இருந்தது. இந்த நெசவாளர் தெருவில் மட்டும் எந்த பாட்டில் சிறுநீரைக் காய்ச்சினாலும், நோய்க்கு அடையாளமாகப் புரதம் வெள்ளையாகத் திரிந்தது. காரணம் சாயமா, கிணற்றுத் தண்ணீரா என்று டாக்டர் சாப்பாட்டை மறந்து யோசித்தார். பெரிய கண்டுபிடிப்பு என்று உள்ளூர சந்தோஷம். இதற்குப் போய்ச் சந்தோஷப்படுகிறோமே என்று வருத்தமும்கூட.

“வா, போய்ச் சொல்லிடலாம். இன்னியிலிருந்து அங்க யாரும் உப்பு சேத்துக்கக் கூடாது.”

பயந்துவிடுவார்கள், நானே பதமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று சிட்டிபாபு கெஞ்சிப் பார்த்தான். டாக்டர் கேட்கவில்லை.

அவர் வேகத்துக்கு அவனால் நடக்க முடியவில்லை. செருப்பு இறுக்கிப் பிடித்தது. மாமியார் வீட்டு விருந்தில் ஒரு சுற்று பெருத்துவிட்டதாக அவனுக்குப் பெருமை. கல்யாண மோதிரத்தைக்கூட இப்போது கழற்ற முடிவதில்லை.

முதல் வீட்டில் பூவம்மாள் தறியை விட்டு எழுந்து வந்தாள். உப்பை நிறுத்தச் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“உப்பில்லாம கூழ் எப்படிமா எறங்கும்? எங்களுக்கு நோவுன்னு யாரு சொன்னது?”

“நீங்க குடுத்த சிறுநீரை நான்தானே சோதிச்சேன்.”

“நாங்க எப்ப குடுத்தோம்? இந்தப் புள்ள பாட்டிலைத் தூக்கிக்கினு வந்து நின்னுச்சு. பொம்பளைங்ககிட்ட கேக்கற பொருளாடான்னு தெருவே சேர்ந்து தொரத்திட்டோம்.”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். சிட்டிபாபு தலையைக் குனிந்துகொண்டான்.

“அப்ப அந்த பாட்டிலெல்லாம்?”

“காலி பாட்டிலோட வந்தா வேலை போயிடுமேன்னு, தண்ணியா குடிச்சு… எல்லாத்தையும் நானே ரொப்பிட்டேன், டாக்டரம்மா.”

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டான். டாக்டர் திட்டவில்லை. குனிந்து, அவனுடைய வீங்கிய கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். விழுந்த குழி அப்படியே நின்றது.

“தெருவுக்கு ஒண்ணுமில்லப்பா,” என்றார் மெதுவாக. “உப்பு உனக்குத்தான் கூடாது.”