பத்து வருட உத்தரவாதம்

"அஞ்சு ஞாயித்துக்கிழமை பேப்பர்ல போட்டாச்சு. வந்த போன் ஒண்ணே ஒண்ணு. அதுவும் இன்னொரு பேப்பர்க்காரன், 'எங்ககிட்டயும் விளம்பரம் குடுங்க சார்'னு கேட்டு!"

மனைவி செய்தித்தாளை மடித்து மேசையில் போட்டாள். மொட்டை மாடி ஒழுகலைச் சரிசெய்யும் காண்ட்ராக்டர் அதை எடுத்து மறுபடி விரித்தான்.

'காணவில்லை' அறிவிப்புக்கும் பழைய சோபா விற்பனைக்கும் நடுவில், தீப்பெட்டி அளவில் அவன் விளம்பரம். 'மாடி ஒழுகுகிறதா? பத்து வருட உத்தரவாதம்!' பக்கத்தில் அவனுடைய உள்ளங்கைப் படம். அதில் சுண்டுவிரல் பாதிதான். "விரல் குறையுதே சார், சரி பண்ணிடட்டுமா?" என்று பத்திரிகை அலுவலகத்தில் கேட்டதற்கு, "தொடாதீங்க, அதுதான் நம்ம முத்திரை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் அவன். இப்போது அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"நாளைக்கு எங்க அண்ணன்கிட்ட சூப்பர்வைசராச் சேர்ந்துடுங்க. பேசினபடி."

பேச்சு அப்படித்தான். ஐந்து வாரத்துக்குள் ஒரு வேலையாவது வராவிட்டால் சொந்தத் தொழிலை மூட்டைகட்டிவிட்டு மச்சானிடம் போய்ச் சேர வேண்டும். மச்சான் கெட்டவர் இல்லை. ஆனால் நாலு பேர் கூடினால் போதும், "நம்ம மாப்பிள்ளை பேப்பர்லயெல்லாம் வந்தவராக்கும்!" என்று சிரிப்பார். நினைத்தாலே காண்ட்ராக்டருக்குக் காது சுடும்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"மாடி ஒழுகுது தம்பி. பேப்பர்ல பார்த்தேன். இன்னைக்கே வர முடியுமா?"

"அரை மணியில வாசல்ல நிப்பேன்மா!"

மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பினான். அந்தப் பார்வையில் மச்சானுக்கும் ஒரு பங்கு இருந்தது.

வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். வீட்டுக்குள்ளிருந்த படிக்கட்டு வழியாக மாடிக்கு அழைத்துப்போனார். போகிற வழியில் ஓர் அறையில், கட்டிலைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, மூன்று வாளிகளை வரிசையாக வைத்திருந்தார்கள்.

மாடியில் காண்ட்ராக்டர் குந்தி உட்கார்ந்து தளத்தைத் தட்டிப் பார்த்தான். உள்ளே காலியாக இருப்பதுபோல் பொத்தென்று சத்தம் கேட்டது. நகத்தால் நெம்பியதுமே பூச்சு பெயர்ந்து கையோடு வந்தது.

"இதுக்கு முன்னாடி எந்த மகராசன்மா வேலை பார்த்தது?"

"ஏழு வருஷம் இருக்கும். எங்க வீட்டுக்காரர்தான் ஆள் பிடிச்சாரு. அப்போ நான் பொண்ணு பிரசவத்துக்குப் போயிருந்தேன். அந்தப் பையனும் பத்து வருஷம் உத்தரவாதம்னுதான் சொன்னானாம். முதல் மழைக்கே ஒழுகிடுச்சு. போன் பண்ணா, அந்த நம்பரே இல்லைன்னு வந்துது."

"வெக்கங்கெட்டவன்!" காண்ட்ராக்டருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "பழைய பூச்சைச் சுரண்டவே இல்லம்மா, அது மேலயே அப்பிட்டுக் கம்பி நீட்டியிருக்கான். இவனுங்களாலதான் எங்க பொழப்பு நாறுது."

"எங்க வீட்டுக்காரர் இருந்தா இப்படிப் பேச விடமாட்டாரு. 'நல்ல பையன், அவனுக்கு என்ன ஆச்சோ, ஏது ஆச்சோ'ம்பாரு. மழை வந்தா முதல்ல வாளியை வைப்பாரு. அப்புறம் அந்த நம்பருக்கு ஒரு தடவை போட்டுப் பார்ப்பாரு. போன வருஷம் போய்ச் சேர்ற வரைக்கும் அதை விடல."

"அடப் பாவமே!" என்று காண்ட்ராக்டர் உச்சுக்கொட்டினான். வேலை கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்டதாகத் தோன்றியது. இன்னும் ஒரு தட்டு தட்டினால் போதும். "நான் அந்த மாதிரி ஆள் இல்லம்மா. வேலை முடிஞ்சா ஈர சிமென்ட்டுல என் கையைப் பதிச்சுட்டுத்தான் மாடியை விட்டு இறங்குவேன். இந்தா பாருங்க, பாதி விரல். நாளைக்கு நான் பார்த்த வேலை இல்லைன்னு சொல்லித் தப்பிக்க முடியுமா?"

அந்த அம்மா அவன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியாதுதான். அந்த மூலையில இருக்கிற செடித்தொட்டியைக் கொஞ்சம் நகர்த்துங்க தம்பி. அங்கேயும் பார்த்துடுங்க."

நகர்த்தினான். அடியில், வெயில் படாத தளத்தில், அச்சு கலையாமல் ஓர் உள்ளங்கைப் பதிவு. சுண்டுவிரல் பாதிதான்.

அந்த வீட்டுக்குப் பின்பக்கம் அப்போது ஓர் இரும்புப்படி இருந்தது. பின் சந்திலிருந்து அது வழியாகத்தான் ஏறி இறங்கினான்; முன்வாசலைப் பார்த்ததே இல்லை. முதல் மழையன்று ஒரே நாளில் நாலு வீட்டிலிருந்து புகார் வந்தது. மறுநாளே நம்பரை மாற்றிவிட்டான். எல்லாம் இப்போது வரிசையாக நினைவுக்கு வந்தன.

"பேப்பர்ல கையைப் பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு தம்பி. நீங்க நல்லாத்தான் இருக்கீங்கன்னு அவர்கிட்டச் சொல்ல முடியலையே, அதுதான் வருத்தம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உத்தரவாதத்துல இன்னும் மூணு வருஷம் இருக்கு. எப்போ ஆரம்பிக்கிறீங்க?"

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனைவிதான்.

"என்னங்க, வேலை கிடைச்சுதா?"

"கிடைச்சுடுச்சு."

"அப்போ விளம்பரம் பலிச்சுடுச்சுன்னு சொல்லுங்க! அட்வான்ஸ் ஏதாவது குடுத்தாங்களா?"

"முழுப் பணமும் குடுத்துட்டாங்க" என்றான் காண்ட்ராக்டர், அந்தப் பதிவைத் தன் கையாலேயே மூடிக்கொண்டு. "ஏழு வருஷத்துக்கு முன்னாடியே."