உடைய வேண்டிய கோப்பை

"மாப்பிள்ளை, இந்தக் கோப்பையை வாங்கிக்குங்க!" ஃபைனா அவசரமாக நீட்டினாள்.

"இருக்கட்டும் சம்பந்தி. என் மகனுக்கு நான் கொண்டுவந்ததுதான்" என்று ஸோயா தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து மத்வேயின் கையில் திணித்துவிட்டாள்.

ஃபைனா நீட்டிய கோப்பை அவள் கையிலேயே நின்றுவிட்டது.

இந்த ஊரில் கடற்படைக் கல்யாணம் என்றால் பதிவு அலுவலகத்திலிருந்து நேரே, நகரம் பிறந்த நினைவுக்கல்லுக்குத்தான் வருவார்கள். ஷாம்பெயினைக் குடித்துவிட்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் கோப்பைகளைக் கல்லில் எறிந்து உடைப்பார்கள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இதே கல்லில் அவள் கோப்பை தூள்தூளானது. கணவன் யெகோரின் கோப்பை உடையவில்லை. உருண்டு அவள் காலடிக்கே வந்தது. எல்லாரும் கைகொட்டிச் சிரித்தார்கள்.

அந்த வருடமே அவன் போன நீர்மூழ்கிக் கப்பல் மேலே வரவில்லை. மகள் உல்யானா அப்போது வயிற்றில் மூன்று மாதக் கரு.

முதன்முதலில் இங்கே கரையிறங்கியவர்களின் பெயரெல்லாம் அந்தக் கல்லில் இருக்கிறது. கிளம்பிப்போய்த் திரும்பாதவர்களுக்கு ஒரு வரி கிடையாது. ஃபைனா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். ஆனாலும் கோப்பை உருளும் சத்தம் விடவில்லை. சமைக்கும்போதுகூடக் கேட்கும்.

மத்வேயும் நீர்மூழ்கிக்காரன்தான். பத்து நாளில் கடலுக்குப் போகிறான்.

அதனால்தான் நேற்று இரண்டு கோப்பைகளிலும் கண்ணாடி அறுக்கும் கருவியால் சுற்றிலும் மெல்லிய கோடு இழுத்து வைத்திருந்தாள். குடிக்கத் தாங்கும், எறிந்தால் தாங்காது. பைத்தியக்காரத்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது மகள் கையில் மட்டும் அவள் கொடுத்த கோப்பை.

இருவரும் ஓங்கி எறிந்தார்கள். ஃபைனா கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டுமே சிதறின. "கசக்குது! கசக்குது!" என்று, முத்தமிட்டு மதுவை இனிப்பாக்கச் சொல்லும் வழக்கப்படி கூட்டம் கூவ, பெண்ணும் மாப்பிள்ளையும் முத்தமிட்டுக்கொண்டார்கள்.

ஃபைனா அழுதேவிட்டாள். நம்ப முடியாமல் குனிந்து மத்வேயின் கோப்பைத் துண்டு ஒன்றைப் பொறுக்கினாள்.

அதன் ஓரத்தில் மெல்லிய கோடு. கருவியால் இழுத்த கோடு. அவளுக்கா தெரியாது?

நிமிர்ந்தாள். ஸோயா அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். தெற்கே வேறொரு துறைமுகத்துக்காரி. தன் கணவர் சோபாவில் டிவி பார்த்தபடியே மாரடைப்பில் போனார் என்று நிச்சயத்தன்று சொன்னவள்.

ஃபைனா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அவர் போனது எந்தக் கப்பல், சம்பந்தி?"

ஸோயா மகனை ஒருமுறை பார்த்துவிட்டு, அவனுக்குக் கேட்காதபடி ஒரு நீர்மூழ்கியின் எண்ணை மட்டும் சொன்னாள்.